ஒன்பது பேரின் மூச்சு

யாரும் வாய் வைக்காமலே மூச்சுப் பயிற்சிக் கருவியின் மூன்று பந்துகளில் முதல் பந்து எழுந்து, மெல்ல இறங்கியது. தகரக் கூரையைக் காற்று உலுக்கிக்கொண்டிருந்த பிற்பகல். வார்டின் மருந்து நெடியோடு வெடிப்புகை போல ஒரு வாடையும் கலந்து வந்தது. ஜன்னல் காற்றாக இருக்கும் என்று லினெயோ தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

நெஞ்சு நோயாளிகளுக்கு மூச்சுப் பழக்குவது அவள் வேலை. சுரங்கத் தூசி தின்ற நுரையீரலோடு வந்த கிழவர் லெபுசா, ஆறு வாரமாகக் குழாயில் மூச்சிழுத்து ஒரு பந்தைத்தான் எழுப்புகிறார். மூன்றையும் எழுப்பி, மூன்று எண்ணும்வரை நிறுத்தினால் ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் வீட்டுக்குப் போகலாம். அவரை நடக்கவைத்தே அனுப்புவது என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். அவளுடைய அப்பா மொஹாபியை அப்படி யாரும் அனுப்பவில்லை. அவரும் சுரங்கத்துக்குப் போனவர்தான்; நாற்பத்தொரு வயதில் இருமி இருமியே செத்தார்.

"இன்னிக்கு ஏமாத்தக் கூடாது, ந்தாதே. நல்லா இழுக்கணும்." ந்தாதே என்றால் அவர்கள் பேச்சில் ஐயா.

"என் மூச்சையா கொறை சொல்றே?" கிழவர் சிரித்தார். "ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்துல வருசா வருசம் டாக்டர்கிட்ட ஊதிக் காட்டணும். ஊத முடியாதவனை ஊருக்கு வெரட்டிடுவானுங்க. ஒம்பது பேருக்குப் பதிலா நான்தான் ஊதினேன். அவங்க பேரு கூப்பிடக் கூப்பிடப் போய் நிப்பேன். டாக்டருக்கு எங்க மூஞ்சியெல்லாம் ஒண்ணுதானே!"

"யாரு யாருக்கு?"

விரல் மடக்கிச் சொன்னார். ஒன்பதாவது விரலில் வந்த பெயர் மொஹாபி.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்பாவின் நுரையீரல் திடம் என்று சுரங்க டாக்டர் எழுதிய சீட்டு இன்னும் அம்மாவின் பெட்டியில் கிடக்கிறது. அந்தச் சீட்டோடுதான் அப்பா மேலும் நான்கு வருடம் குழிக்குள் இறங்கினார். முகத்தைக்கூடப் பார்க்காத அந்த டாக்டர் படுபாவி. ஊதிக் கொடுத்த இந்த ஆள்?

"மொஹாபி என் அப்பா."

"அவன்தாம்மா கெஞ்சினான். பொண்ணு படிக்கணும்னு..."

"இழுங்க," என்று குழாயை அவர் வாயில் திணித்தாள்.

ஒரு பந்து. இரண்டு. மூன்று. மூன்றும் உச்சியில் நின்றன.

கிழவரின் உதடு குழாயோடு ஒட்டிக்கொண்டது. கன்னம் குழிந்தது. விழி பிதுங்கியது. கை படுக்கையைத் தட்டியது. அவர் இழுக்கவில்லை. அவரிடமிருந்து யாரோ இழுத்தார்கள்.

அவள் முதுகுக்குப் பின்னால் ஓர் இருமல். இரண்டு குட்டை, ஒன்று நீளம். அப்பாவின் இருமல்.

குழாயைப் பிடுங்கினால் போதும். அவள் கை அதை இன்னும் அழுத்தியது.

"ஒண்ணு," என்று எண்ணத் தொடங்கினாள், தினமும் எண்ணுவதுபோல. "ரெண்டு." பின்னால் ஆண் குரல்களும் சேர்ந்துகொண்டன. மூன்றில் அவள் நிறுத்தவில்லை.

ஒன்பது.

படுக்கையைத் தட்டிய கை ஓய்ந்திருந்தது. குழாய் கிழவரின் வாயிலிருந்து நழுவிப் போர்வையில் விழுந்தது. மூன்று பந்துகளும் உச்சியிலேயே நின்றன.