மே மாதமா, செப்டம்பரா?

சிட்டுவின் அம்மா வெளிநாட்டுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அங்கே ஒரு பூச்செடிப் பண்ணையில் வேலை. பெரிய கண்ணாடிக் கூடாரத்துக்குள் நாற்றுகளை வளர்த்து, தொட்டிகளில் மாற்றி நடுவார்.

இப்போது சிட்டு, அப்பா, மூன்று வயதுத் தம்பி பொடியன் மூவரும் அம்மாவைப் பார்க்க இரண்டு வாரம் போகப் போகிறார்கள். எப்போது போவது என்பதுதான் முடிவாகவில்லை.

அப்பா மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் தச்சர். "லீவு எப்பன்னு நாளைக்கு முதலாளிகிட்ட சொல்லியாகணும். மே கடைசியா, செப்டம்பரா? ரெண்டு சமயமும் உனக்கு லீவுதான். நீயே சொல்லு" என்றார்.

"மே" என்றாள் சிட்டு, யோசிக்காமலே.

"மே மாசம் அங்க வசந்தம் முடியற நேரம். செடி விக்கிற காலம். அம்மாவுக்கு லீவே கிடைக்காது. காலைல போனா சாயந்திரம் ஆறு மணிக்குத்தான் வருவாங்க. செப்டம்பர்னா இலை உதிர ஆரம்பிச்சிடும், வேலை குறைஞ்சிடும். ரெண்டு வாரமும் நம்மகூடவே இருக்கலாம்."

சிட்டு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். மே மாதம் போனால், தூங்கும்வரை ஒரு நாளைக்கு மூன்று மணி நேர அம்மா. செப்டம்பரில் போனால் முழுநாள் அம்மா.

ஆனால் மே கடைசி வர இன்னும் நான்கு வாரம்தான். செப்டம்பர் எங்கேயோ இருந்தது. காலண்டரில் தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். கை வலித்தது.

அன்று மாலை அம்மா போனில் முகம் காட்டியபோது, சிட்டு மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"அம்மா, நாங்க செப்டம்பர்லயே வரோம்."

அம்மா சிரித்தார். "அதுதாம்மா சரி. அப்ப உங்ககூடவே இருப்பேன்."

சொல்லிக்கொண்டே கட்டிலில் இருந்த எதையோ மெல்ல ஒதுக்கினார்.

"அது என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

"காட்டும்மா."

சின்னஞ்சிறு சிவப்பு ஷூ. "பொடியனுக்கு வாங்கினேன். மே மாசம் வருவீங்கன்னு நினைச்சேன். செப்டம்பருக்குள்ள கால் வளர்ந்திடும். பரவாயில்ல, கடையில மாத்திக்கலாம்."

சிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"அம்மா, எங்களை விடு. உனக்கு எப்ப வேணும்?"

"பகல் பூரா நீங்க அறைக்குள்ளயே அடைஞ்சு கிடக்கணுமே."

"நான் கேட்டது அது இல்ல."

அம்மா ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளைக்கே வந்தாலும் சரிதான்" என்றார், மெதுவாக.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிட்டு முந்திக்கொண்டாள்.

"மத்தியானம் சாப்பிட எவ்வளவு நேரம் விடுவாங்க?"

"முக்கால் மணி."

"எங்க உக்காந்து சாப்பிடுவே?"

"வெளியில, வேலி ஓரமா ஒரு பெஞ்சு இருக்கு. அங்கதான்."

"யாராவது வந்தா விரட்டுவாங்களா?"

"மாட்டாங்க. எல்லார் வீட்டுலேருந்தும் வருவாங்க. என்னைப் பார்க்கத்தான் யாரும்…" அம்மா நிறுத்திக்கொண்டார்.

"அப்ப தினமும் சாப்பாடு நாங்க கொண்டு வரோம். அப்பா, மே மாசம்னு சொல்லிடுங்க."

அப்பா தலையைச் சொறிந்தார். "சமையல் யாரு?"

"நீங்கதான்."

"பாவம் உங்கம்மா" என்றார் அப்பா. போனில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

மே கடைசியில் விமானம் ஏறினார்கள். விமான நிலையத்தில் அம்மா இரு கைகளையும் நீட்டியதும், பொடியன் ஓடிப்போய் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அம்மா கட்டாயப்படுத்தவில்லை. இரவு அவன் தூங்கிய பிறகுதான் தலையைத் தடவிக் கொடுத்தார். சிட்டு தூங்காமல் அதைப் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து மதியம் தவறாமல் மூவரும் பெஞ்சில் காத்திருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாகப் பூக்கள். முதல் நாள் பொடியன் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தான். இரண்டாம் நாள் நடுவில். மூன்றாம் நாள் அம்மா நீட்டிய ஒரு வாய்ச் சோற்றை வாங்கிக்கொண்டான்.

நான்காம் நாள் மணி அடித்தது. கூடாரத்தின் கதவைத் திறந்துகொண்டு அம்மா வெளியே வந்தார். பொடியன் பெஞ்சிலிருந்து குதித்து ஓடினான்.

"கையெல்லாம் மண்ணுடா" என்றார் அம்மா.

அவன் கேட்கவில்லை. தாவி ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

அவனைச் சுமந்தபடியே வந்து அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். சிட்டு ஒட்டி உட்கார்ந்து, அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

"சாப்பாடு அப்பா செஞ்சதா?"

"ஆமா. பயப்படாதம்மா, உப்பு நான் பார்த்துட்டேன்."

அம்மா டப்பாவைத் திறந்தார். முக்கால் மணி நேரத்தில் இன்னும் நாற்பது நிமிடம் அப்படியே மிச்சம் இருந்தது.