நடுவில் பிசகிய வாக்கியம்

“ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றாங்க அங்கிள். யாருன்னு மட்டும் சொல்லுங்க, இப்பவே அனுப்பிடறேன்!”

குன்னூர் தேயிலைத் தொழிற்சாலையின் விருந்தினர் அறைக்குள் சில்வஸ்டர் நுழைந்ததும் ஐவி பொரிந்து தள்ளினாள். தந்தி அலுவலகத்தில் முப்பது வருடம் ஓட்டிய மனிதர் அவர். ஊரில் எந்தச் சிக்கலானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அவள் எரிச்சலில் நியாயம் இருந்தது. டீ பேக் இயந்திரம் விற்க வந்த இத்தாலியருக்கும் வாங்க வந்த லக்னோ வியாபாரிக்கும் ஆங்கிலம் வராது. இத்தாலிய மொழியிலிருந்து உருதுவுக்கு மாற்றிச் சொல்ல ஆள் தருவதாக, புதிதாக மொழிபெயர்ப்பு அலுவலகம் திறந்த ஐவி வாக்குக் கொடுத்துவிட்டாள். பதினேழு நாள் அலைந்தும் இரண்டும் தெரிந்தவர் லேசில் அகப்படவில்லை. கிடைத்த ஒரே டெல்லிக்காரரும் மலைக்குளிர் ஆகாதென்று கையை விரித்தார். வேறு வழியில்லாமல் இரண்டு பேரை உட்கார வைத்தாள். ஜூடித் இத்தாலிய மொழியைத் தமிழாக்க, ஷம்ஷாத் அந்தத் தமிழை உருதுவாக்கினாள். அரை மணி நேரம் அளவும் எடையுமாக நன்றாகத்தான் போனது. திடீரென்று லக்னோக்காரர் முகம் சிவந்து எழுந்து, காரில் ஏறிப் போய்விட்டார். அவர் போனது போனதுதான் என்றால் ஐவியின் முதல் வாடிக்கையே கடைசி வாடிக்கை.

“எதைக் கேட்டு எழுந்தாருங்க?” என்றார் சில்வஸ்டர் நிதானமாக.

“அவரோட அண்ணன் பொய் சொன்னார்னு இத்தாலிக்காரர் சொன்னாராம்,” என்றாள் ஷம்ஷாத். முந்தின நாள்தான் ஆம்பூரிலிருந்து மலையேறியவள். “ஜூடித் சொன்னதைத்தான் நான் சொன்னேன்.”

“அவர் அப்பிடிச் சொல்லவே இல்ல,” என்றாள் ஜூடித்.

“இத்தாலில பலெர்மோல பதினஞ்சு வருஷம் இருந்தேன்னதே பொய்யா இருக்கும். பொய்க்காரி!” என்று வெடித்தாள் ஐவி.

ஜூடித் கண் கலங்கிப் பையை எடுத்தாள். “ஐயா, ஒங்களோட தனியா கதைக்கணும்.”

“கேட்டீங்களா? இன்னும் கதை விடணுமாம்!” என்றாள் ஷம்ஷாத்.

சில்வஸ்டர் சட்டென்று நிமிர்ந்தார். “உங்களுக்கு எந்த ஊருங்க, ஜூடித்?”

“சேரம்பாடி. அப்பா அம்மா சிலோன்ல இருந்து வந்தவங்க.”

“அந்தக் கடைசி வாக்கியத்தைத் தமிழ்ல எப்படிச் சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க.”

“‘ஒங்க அண்ணன் இதப்பத்தி என்னோட கதைச்சார்.’”

“அதேதான்!” என்றாள் ஷம்ஷாத். “அண்ணன் கதை விட்டாருன்னு.”

“இல்லைங்க. இவங்க ஊட்டுல கதைக்கறதுன்னா பேசறது. ‘அண்ணன் என்னோட பேசினார்’, அவ்வளவுதான். அளவும் எடையும் சொன்னவரைக்கும் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை. அண்ணன் பேச்சு வந்ததும் வந்துடுச்சு.” ஐவியின் பக்கம் திரும்பினார். “ரெண்டு பேருமே பொய் சொல்லலீங்க. இத்தாலிய மொழிக்கும் உருதுக்கும் பதினேழு நாள் ஆள் தேடினீங்க. நடுவுல இருந்த தமிழை யாரும் விசாரிக்கலை.”

ஷம்ஷாத் நெற்றியில் அடித்துக்கொண்டு போனை எடுத்தாள். லக்னோக்காரர் மலையிறங்கும் வழியில் காட்டேரி ஊரைத் தாண்டியிருந்தார். முதலில் சத்தம் போட்டார். முழுவதையும் கேட்டதும் சிரித்துவிட்டார். கார் திரும்பியது.

“அப்பாடா! ஜூடித், உக்காருங்க, வந்துட்டே இருக்கார்!”

ஜூடித் உட்காரவில்லை. “பொய்க்காரின்னீங்களே மேடம், அதை மொதல்ல மாத்திச் சொல்லுங்க.”

ஐவி ஷம்ஷாத்தைப் பார்த்தாள், சில்வஸ்டரைப் பார்த்தாள். அவர் ஜூடித்தின் பக்கம் கை காட்டினார்.

“மன்னிச்சிருங்க, ஜூடித்.”

அந்தச் சின்ன வாக்கியத்துக்கு மட்டும் ஆள் பிடிக்க முடியவில்லை, அவளே சொல்லவேண்டியிருந்தது.