பசுத்தோல் இல்லை

அன்று ஷெட்டுக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். காண்டிராக்டர் மல்லப்பனின் விதவை தேவம்மா. மைசூர் மண்டி மொஹல்லாவில் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் அமலதாஸ். எட்டு மாத வயிற்றோடு வாசலருகே சாக்கு மூட்டையில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி மெட்டில்டா.

நாலாவது ஆள் யாரும் இல்லை. அமலதாஸ் திரும்பிப் பார்த்து அதை உறுதி செய்துகொண்டான். ஏனென்றால் மல்லப்பனின் மோட்டார் வண்டியை மூடியிருந்த தார்ப்பாயை இழுத்ததும் வந்தது நின்றுபோன வண்டியின் நாற்றம் அல்ல. கெட்டுப்போன பெட்ரோல், துரு, எலிப்புழுக்கை எல்லாம் அடியில் இருந்தன. அவற்றுக்கு மேலே ஆள் நாற்றம் அடித்தது. பல மாதம் படுக்கையில் கிடக்கும் ஒருவனின் கழுத்து மடிப்பில், அக்குளில், தொடை இடுக்கில் ஊறுமே, அந்தப் புளித்த வாடை.

வண்டி 1912இல் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. மல்லப்பன் செத்த பிறகு பத்து வருஷமாக ஓடவில்லை. டயர்கள் மண்ணோடு ஒட்டியிருந்தன. பித்தளை விளக்குகளில் பச்சை பூத்திருந்தது. மேல்கூரைத் துணி கந்தலாகத் தொங்கியது. முன்சீட்டுத் தோல் கோடைக் குளத்தின் அடி மாதிரி வெடித்துக் கிடந்தது. பின்சீட்டில் மட்டும் தூசி இல்லை. அமலதாஸ் கையை வைத்தான். மெத்தென்று இருந்தது. கொஞ்சம் வெதுவெதுப்பு. கையை எடுத்தபோது விரல்களில் ஒரு பிசுபிசுப்பு ஒட்டி வந்தது.

"பின்சீட்டை யாரும்மா தொடைக்கறது?"

"யாரு தொடைக்கறா? அவரு போனப்புறம் இந்தக் கதவையே நான் தெறக்கலப்பா."

"முன்சீட்டு இப்படிப் போச்சு. இது மட்டும் எப்படி?"

"முன்னாடி இருக்கறது வண்டியோட வந்த பசுத்தோல். அதுல டிரைவர்தானே உக்காருவான், இருந்துட்டுப் போகட்டும்னுட்டாரு. பின்னாடி அவரு உக்காரணுமே? அதைப் பிச்சு வீசிட்டு வேற போட்டாரு. அப்ப ப்ளேக் வந்தவங்களை அடைச்சு வெச்ச கேம்புல கொட்டகை போடற காண்டிராக்ட் எடுத்திருந்தாரு. அங்க ஒருத்தன் கொண்டாந்து குடுத்தான்."

"என்ன தோல்மா?"

"பசு இல்லேன்னு கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணான். அதுக்கு மேல கேக்கறதுக்கு என்ன இருக்கு?" தேவம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். "வண்டியை ஓட வெச்சு வித்துக் குடுத்துடு அமலதாசு. ஷெட்டு உனக்கு. அன்னைக்கே குடி வந்துக்கோ. சும்மா கிடந்து நாறுது."

அமலதாஸுக்கு அது போதும். மண்டி மொஹல்லாவில் அவர்கள் இருந்தது ஒரே அறை. அதில் அவன் அண்ணன் இஸ்ரவேல் சுவர்ப்பக்கம் படுத்துக் கிண்ணத்தில் இரத்தம் துப்பிக்கொண்டிருந்தான். முதல் குழந்தை அந்தக் கிண்ணத்திலிருந்து நாலடி தள்ளித்தான் கிடந்தது. மூன்றாம் மாதம் இருமத் தொடங்கியது. நாலாம் மாதம் இல்லை. இரண்டாவது அங்கே பிறக்கக் கூடாது என்று மெட்டில்டா ஒரே ஒரு முறைதான் சொன்னாள். வேறு இடம் கிடையாது. இந்த ஷெட் இருந்தது. அதில் வண்டி நின்றது.

எஞ்சின் பிழைத்துக்கொண்டது. புகைக்குழாயிலிருந்து எலிக்கூட்டை இழுத்துப் போட்டான், டேங்கைக் கழுவினான், பழைய டயர்களுக்கு அலைந்தான். கொள்ளேகாலத்துப் பட்டு வியாபாரி பசவராஜ், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

மூன்றாம் நாள் ஜாக்கியைப் பின்சீட்டில் வைத்துவிட்டுத் திரும்ப எடுக்கும்போது அதன் பல் தோலில் மாட்டியது. அவன் கவனிக்காமல் இழுத்தான். ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது.

தோல் கிழிகிற வறண்ட சத்தம் வரவில்லை. ஈரமாக ஏதோ வந்தது. சீட்டுக்குள் இருந்த ஸ்பிரிங்குகள் அத்தனையும் ஒரே நேரத்தில் உள்வாங்கிக்கொண்டன. கிழிசலின் ஓரம் வெளுப்பாக, தடிப்பாக, உள்பக்கம் லேசான சிவப்போடு இருந்தது. மழை ஒழுகி ஊறியிருக்கும் என்று அமலதாஸ் சொல்லிக்கொண்டான். மேலே நிமிர்ந்து பார்த்தான். அந்த இடத்தில் ஓடு சரியாகத்தான் இருந்தது.

கிழிந்த சீட்டை யாரும் வாங்க மாட்டார்கள். செருப்புத் தைக்கும் ஊசியில் மெழுகு நூலைக் கோத்து ஒன்பது தையல் போட்டான். ஒவ்வொரு குத்துக்கும் சீட்டு ஒரு முறை அசைந்தது. ஸ்பிரிங் என்றால் அசையத்தான் செய்யும்.

மறுநாள் காலை தையலைச் சுற்றி வீங்கியிருந்தது. நூல் உள்ளே அழுந்தி, இடையிடையே மஞ்சள் நீர் கட்டி நின்றது. அவன் கந்தைத் துணியால் துடைத்தான். அழுத்திய இடத்தில் மேலும் கொஞ்சம் வந்தது. நாற்றம் தொண்டைக்குள் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. வெளியே ஓடிப்போய்க் காலையில் தின்ற களியைச் சாக்கடையில் கக்கினான்.

மெட்டில்டா கல்யாணத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் புண் கட்டும் வேலை பார்த்தவள். மத்தியானம் சோறு கொண்டுவந்தவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. குனிந்து முகர்ந்தாள். புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"மக்கிப் போச்சு, இல்ல?" என்றான் அமலதாஸ்.

"மக்கல. சீழ் வெச்சிருக்கு."

"பைத்தியமா உனக்கு? தோல் அது."

"தோல்தான். நான் இல்லேன்னனா?" அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அழுக்கு ஊசியில தெச்சிருக்கீங்க. வெந்நி போடுங்க. ஏழாம் நாள் தையல் பிரிக்கணும்."

"சேசுவே! அதைத் தொடாதடி, வயித்துப் பிள்ளைக்காரி."

"சீட்டு சரியானாத்தானே வண்டி போகும்? வண்டி போனாத்தானே வீடு?"

அமலதாஸ் அடுப்பைப் பற்றவைத்தான்.

தினமும் அவள் வந்தாள். வேப்பிலைத் தண்ணீரில் கழுவி, சீழைப் பிதுக்கி, தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவி, வெள்ளைத் துணியால் மூடினாள். அவன் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தான். ஆனால் கேட்டது. துணியை எடுக்கும்போது ஒட்டிப் பிரியும் சத்தம். அவள் வாய்க்குள் "ஆச்சு, ஆச்சு" என்பது. அதை யாரிடம் சொல்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிக் கை கழுவினாலும் சோற்று உருண்டையை வாய்க்குக் கொண்டுபோகும்போது அந்த வாடை முன்னால் வந்து நின்றது. அவனுக்கு உடம்பு இளைத்தது.

பசவராஜிடமிருந்து கார்டு வந்தது. மற்றதெல்லாம் சரி, சீட்டு பசுத்தோலாக இருந்தால் வேண்டாம், தெரிந்த ஆளை வைத்துப் பார்த்துச் சொல்லவும்.

ராமாபுரத்துச் சித்தையன் தோல் பதனிடுவதில் நாற்பது வருஷம் பழகிய ஆள். அந்த வாரம் சந்தைக்கு மைசூர் வந்திருந்தார். அமலதாஸ் அவரைக் கையோடு கூட்டி வந்தான்.

"மயிர்க்கால் பாத்தா சொல்லிப்போடலாமுங்க மேஸ்திரி," என்று சித்தையன் உற்சாகமாக வண்டிக்குள் ஏறினார். "மாட்டுக்கு ஒரு வருசை, ஆட்டுக்கு ஒரு வருசை. மானுன்னா தனியாத் தெரியும். எவனும் நம்மளை ஏமாத்த முடியாதுங்க."

பின்சீட்டில் கண்ணை வைத்துப் பார்த்தார். நகத்தால் மெல்ல நீவினார். வெளிச்சத்துக்காகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் அவருடைய வலது கை நின்றுவிட்டது. அவர் தன் இடது கையின் சட்டையை முழங்கை வரை மெதுவாகச் சுருட்டினார். தன் முன்னங்கையைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார்.

சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

"மாடில்லீங்க."

"எருமையா?"

"எருமையில்லீங்க. ஆடுமில்லீங்க."

"அப்ப?"

சித்தையன் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்று தரம் தேய்த்தார். "பசுவான்னுதானுங்களே கேட்டீங்க? பசு இல்லீங்க. நான் வாறனுங்." மெட்டில்டா நீட்டிய காப்பியை வாங்கவில்லை. தெரு முனை வரை திரும்பிப் பார்க்காமல் போனார்.

அமலதாஸ் பின்னால் ஓடிக் கேட்டிருக்கலாம். அவன் உள்ளே போய் பசவராஜுக்குக் கார்டு எழுதினான். பசுத்தோல் இல்லை.

ஏழாம் நாள் மெட்டில்டா தையல் பிரித்தாள். ஒன்பது நூலும் வெண்ணெயிலிருந்து வருவது போல வந்தன. கிழிசல் இருந்த இடத்தில் ஒரு வெளிறிய கோடு மட்டும் நின்றது. இவ்வளவு சுத்தமான ரிப்பேரை அமலதாஸ் தன் தொழிலில் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பசவராஜ் ஒரு டிரைவரோடு ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். பருத்த மனிதர். வெள்ளை வேட்டி, கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை. எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

"பரவால்லியே! கெழவி நல்லா இருமுறா," என்று சிரித்தார். "பசு இல்லேல்லப்பா? ஆணை இட்டுச் சொல்லு."

"இல்லீங்க சாவுகாரே. தெரிஞ்ச ஆளு பாத்துட்டாரு."

"ஹாங், அது போதும்."

பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். மூச்சை விட்டார். கால் நிமிஷம் சிரிப்பு முகத்தில் இருந்தது. பிறகு அது அப்படியே நின்றுகொண்டிருக்க, கண் மட்டும் மாறியது. மெல்ல எழுந்தார். இறங்கினார். வேட்டியின் பின்பக்கத்தைக் கையால் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். வியர்வை ஈரம். உட்கார்ந்த வடிவத்துக்கு, கோட்டின் முதுகிலும் பின்னங்கழுத்து வரை. அவருக்கு வியர்க்கவில்லை. ஆடிக் குளிர்.

"வண்டி எனக்கு," என்றார். "அந்த சீட்டு வேணாம். கழட்டிடு."

"சாவுகாரே, சீட்டில்லாம எப்படிப் போவீங்க?"

"பலகை போடு. கம்பளி போடு. அதைக் கழட்டுன்னா கழட்டு மாராயா!"

கழற்றினான். டிரைவர் ஓட்ட, பலகை மேல் உட்கார்ந்து பசவராஜ் போனார். தேவம்மா ஷெட்டுச் சாவியை மெட்டில்டா கையில் கொடுத்து, நல்லபடியா இருங்க என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். ஷெட் காலி. தரை நடுவில் சீட்டு.

வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது. அமலதாஸ் அதை முற்றத்துக்கு இழுக்கப் பார்த்தான். ஸ்பிரிங்கும் நாரும்தான். ஆனால் படுத்திருக்கும் ஆளைப் போலக் கனத்தது. கழற்றும்போது தனி ஆளாகத்தான் தூக்கி இறக்கினான். இப்போது நகரவில்லை. தன்னைத் தளர்த்திக்கொண்டு கனம் கொடுத்தது.

"மழை விட்டதும் ஆளை வெச்சு வெளிய இழுத்துக் கொளுத்திடறேன்."

"ஏழு நாள் மருந்து போட்டிருக்கேன்," என்றாள் மெட்டில்டா. அவ்வளவுதான் சொன்னாள்.

சாமான்களை எடுத்துவரத் தள்ளுவண்டியோடு மண்டி மொஹல்லாவுக்குப் போனான். பாத்திரம், பெட்டி, மாதா படம், பாய். இஸ்ரவேல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கிண்ணம் நிறைந்திருந்தது. போய்ட்டு வாரேண்ணே என்றதற்கு அவன் இருமினான். திரும்பும் வழியெல்லாம் மழை வலுத்தது. கொளுத்த முடியாது. நாளைக்கு. நாளை மறுநாளாவது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தான். பாயைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஷெட்டுக் கதவைத் தள்ளினான்.

லாந்தர் எரிந்தது. தரையெல்லாம் ஈரம் கசிந்து மினுங்கியது. மெட்டில்டா சீட்டின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வயிற்றைத் தோலில் சாய்த்து, கன்னத்தையும் அதில் வைத்து. கண் மூடியிருந்தது. இத்தனை மாதத்தில் அவன் பார்க்காத நிம்மதி முகத்தில்.

"எந்திரிடி."

"தரையில ஓதம் ஏறுது. இது சூடா இருக்கு."

"எந்திரி மெட்டில்டா."

அவள் அசையவில்லை. திறந்த கதவு வழியாக மழைக்காற்று உள்ளே புகுந்து லாந்தர்ச் சுடரை ஆட்டியது. அவள் கையில் மயிர் சிலிர்த்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு. மணிக்கட்டிலிருந்து சீட்டுக்கு.

அங்கே நிற்கவில்லை.

தோல் முழுக்கப் பரவியது. புள்ளி புள்ளியாக. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மெல்லிய மயிர். எழுந்து நின்றது. சீட்டின் வெளி விளிம்பு மெதுவாக மடங்கியது. குளிரில் ஒருவன் முழங்காலை இழுத்துக்கொள்வது போல. அவள் முதுகைச் சுற்றி ஏறியது. வயிற்றின் மேல் வந்து படிந்தது. தட்டிக் கொடுத்தது.

அவன் பின்னால் மழை. மழைக்குப் பின்னால் அந்த அறை. அந்தக் கிண்ணம்.

"கதவைச் சாத்துங்க," என்றாள் மெட்டில்டா கண்ணைத் திறக்காமல். "எனக்கில்ல. அதுக்குக் குளிருது."

அமலதாஸ் பாயைக் கீழே போட்டான். உள்ளே வந்தான். தனக்குப் பின்னால் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போட்டான்.