கரையில் நின்ற கம்பம்

நேற்றுவரை ஏரிக்கரையில் கம்பம் எதுவும் இல்லை. மாடி ஜன்னலோரம் முக்காலியில் நின்ற கேமரா அரை நிமிடத்துக்கு ஒரு படமாக மடிக்கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கடைசியாக வந்த படத்தில், கரைப்பாதையின் கோடியில், ஆள் உயரத்துக்குக் கறுப்பாக ஒன்று நின்றது.

ஒரு மாதமாக அவன் இந்த ஏரியைப் படமெடுக்க மல்லுக்கட்டுகிறான். படங்களைக் கோத்து வீடியோவாக ஓட்டினால் வெளிச்சம் கண் சிமிட்டியது, நடப்பவர்கள் வெட்டுக்கிளி மாதிரி துள்ளினார்கள். ஆகவே தானியங்கி அமைப்புகளை அணைத்தான், முக்காலியில் மணல் பையைத் தொங்கவிட்டான், லென்ஸில் கறுப்புக் கண்ணாடி மாட்டி ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தான். தண்ணீரும் மேகமும் வழுவழுவென்று வந்தன. நடப்பவர்கள் மறைந்தே போனார்கள். அசையாமல் நிற்பது மட்டும்தான் படத்தில் விழும்.

அரை மணி நேரத்துக்கு முன்பு, சாயங்கால நடைக்குக் கிளம்பும்போது மனைவி கேட்டாள்: "ஏங்க, இன்னைக்காவது நான் படத்துல வருவேனா?"

"நிக்காம நடந்தா வரமாட்ட."

"கட்டுன பொண்டாட்டியவே காணாம ஆக்குற கேமராவ இப்பதான் பாக்குறேன்," என்று சிரித்துக்கொண்டே நீலச் சால்வையைப் போர்த்திப் படியிறங்கினாள்.

இப்போது அடுத்த படம் வந்தது. கம்பம் கோடியில் இல்லை, மரப்பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தது. யாரோ நின்று நின்று நடக்கிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் காற்றில் புல்லெல்லாம் புகையாகக் கலைந்திருக்க, அதன் விளிம்பு மட்டும் கத்தரித்து ஒட்டியதுபோல் இருந்தது. மூச்சு விடுகிற எதுவும் அவ்வளவு நேரம் அப்படி நிற்காது. ஜன்னலில் எட்டிப் பார்த்தான். மங்கிய வெளிச்சத்தில் கரை வெறுமையாகத் தெரிந்தது. ஈர மண் வாசனை மட்டும் மேலே ஏறி வந்தது.

அடுத்த படம். பாதையின் பாதியில்.

அவள் திரும்பி வரும் பாதை அது. போனை எடுத்து அழைத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை.

அடுத்த படம். கம்பம் இல்லை.

அது நின்ற இடத்தில் அவள் நின்றாள். அதே நீலச் சால்வை. அவளைச் சுற்றிப் புல் கலைந்திருந்தது, சால்வையின் நுனிகூட அசையவில்லை.

"நட," என்றான் திரையைப் பார்த்து. "நிக்காத. நட."

கீழே கதவு திறந்தது. அவளுடைய போன் மணி வீட்டுக்குள் கேட்டது. படியில் அவள் செருப்புச் சத்தம். அப்பாடா, வந்துவிட்டாள். திரையில் இருப்பது பழைய படம்தானே, அவள் எப்போதோ கிளம்பியிருப்பாள். கையிலிருந்த போனில் அழைப்பைத் துண்டித்தான். படியில் மணி நின்றது.

ஷட்டர் சொடுக்கியது. புதுப் படம்.

அவள் அங்கேயே நின்றாள். இப்போது ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. அலறுகிற வாய். அதுவும் அசையவில்லை.

அறைக்கதவு திறந்தது. ஈர மண் வாசனை.

"ஏங்க," என்றது அவள் குரல், அவன் பிடரிக்குப் பின்னால். "நான் படத்துல விழுந்தேனா?"