எந்தச் சம்பந்தம்?

முப்பத்தெட்டாம் வருஷம். குற்றாலச் சாரல் தென்காசி வரைக்கும் தூவிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். நனைந்த பூப்பந்து ஒன்று பறந்து வந்து, வடிவம்மாளின் புதுப்புடவையில் மஞ்சளாய் ஒரு கறை வைத்தது.

"கண்ணு தெரியலியா?" பெண்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் சீறித் திரும்பினாள்.

மட்டையும் கையுமாய் நின்றார் அவர். இமையில் மழைத்துளி... அதற்குப் பின்னால் பயந்த கண்கள்...

"மன்னிக்கணும் டீச்சர். நனைஞ்சா பந்து நம்ம சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"நல்ல விதமாச் சொல்லிப் பாத்தியளா?"

சிரித்துவிட்டார். பாவி மனுஷன், அப்படியா சிரிப்பது!

தாலுகா கச்சேரி குமாஸ்தா ஞானசம்பந்தம். மனைவியை இழந்தவர். அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள் உலகம்மாளின் பூப்பந்துக் கோஷ்டிக்குப் பழக்கிவிட ஆளில்லை என்றதும், தானே முன்வந்தவர். அன்றிலிருந்து சாயங்கால மணி அடித்தால் போதும், வடிவம்மாளுக்கு மைதானத்துப் பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும். ஆனால் இருவருமே வாயைத் திறக்கவில்லை.

அதற்குள், அதே கச்சேரியில் வேலை பார்க்கும் அண்ணன் வல்லிநாயகம், "வாசுதேவநல்லூர்லேருந்து ஞாயித்துக்கிழமை சம்பந்தம் பேச வாராவ" என்றான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறும் வந்தது. வாசலில் அண்ணன் குரல்.

"வடிவு, காப்பி கொண்டா. சம்பந்தம் வந்தாச்சு!"

அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. அடுக்களையிலிருந்தே கத்தினாள்.

"எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்! திருப்பி அனுப்பிருங்க!"

எட்டிப் பார்த்தாள். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார்... ஞானசம்பந்தம்!

ஐயையோ! கச்சேரிச் சிநேகிதரை அண்ணன் பாதிப் பெயரில்தான் கூப்பிடுவான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

சாரலில் ஓடினாள். "ஸார்... நில்லுங்க!"

"உங்க மனசு தெரிஞ்சுட்டு டீச்சர்." அவர் திரும்பவில்லை. "பிள்ளைகளுக்குப் பழக்க இனி வேற ஆள் பாத்துக்கிடுங்க."

"ஒண்ணும் தெரியலை உங்களுக்கு! நான் வேண்டாம்னது வாசுதேவநல்லூர் சம்பந்தத்தை!"

மெல்லத் திரும்பினார். "அப்ப... தென்காசிச் சம்பந்தம்?"

அவள் முகம் குப்பென்று சிவந்தது.

பின்னால் வல்லிநாயகம் வாய்விட்டுச் சிரித்தான். "ஏட்டி, அவரை உள்ள கூட்டிட்டு வா, நனையுதாரு. வாசுதேவநல்லூருக்கு நான் ஆள் விட்டுச் சொல்லிருதேன்."

"பொண்ணு கேக்கத்தான் வந்தேன்" என்றார் ஞானசம்பந்தம், குடையை விரிக்கவும் மறந்து. "எனக்கு எங்க தைரியம்... 'போய்க் கேளுங்கப்பா'ன்னு உலகம்மாதான் விரட்டிவிட்டா."

உலகம்மாளா! அந்தப் பிள்ளைக்குத் தன்னைப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று எத்தனை நாள் மருகியிருப்பாள்... வடிவம்மாளின் கண் நிறைந்துவிட்டது.

"எனக்கு உங்க ரெண்டு பேரையும் பிடிச்சிருக்கு."

சொல்லியே விட்டாள். அப்பாடா...!