இரண்டாவது வட்டம்

மூன்றாவது தடவை படத்தை ஓடவிட்டுப் பார்த்தபோதும் கேமரா திரும்பத்தான் செய்தது.

அப்படித் திரும்ப அதற்கு ஒரு முகாந்திரமும் இல்லை. சாலையோரத்தில் அதை ஸ்டாண்டில் நிறுத்தியவர் அவர்தான். வண்டியை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் கம்பீரமாகக் கடந்து போனவரும் அவர்தான். ஒரு கிலோமீட்டர் போய், அசட்டு முகத்தோடு திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டவரும் அவரேதான். தனியாகப் போய்த் தன்னைத் தானே படம் பிடிப்பவர்களுக்கு ஒவ்வொரு வீரப் புறப்பாட்டுக்கும் ஒரு ரகசியத் திரும்பல் உண்டு. படத்தில் வண்டி இடப்பக்கம் நுழைந்து வலப்பக்கம் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. தெரிந்தவரை வழியனுப்புகிறவர் தலையைத் திருப்புவதுபோல், கேமரா வண்டியோடு கூடவே நிதானமாகத் திரும்பி, அது புள்ளியாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றது.

அவருக்கு முதலில் வந்த பயம் பேயைப் பற்றியதல்ல, கமெண்டுகளைப் பற்றியது.

மூன்று வருடமாக 'தனிவழி' என்ற யூடியூப் சேனலில் அவர் ஊருக்கெல்லாம் தனிமையைப் போதித்து வந்தார். ரசிகர்கள் பக்தியோடு 'தனிவழியார்' என்றார்கள். தனிவழியாரின் தனிமையைப் படம் பிடித்தவன் அவருடைய மைத்துனன். பின்சீட்டில் போர்வைக்குள் படுத்து வருவான், இறங்கி, எப்போதும் எழும்பி நிற்கும் அவருடைய சட்டைக் காலரைப் பின்னாலிருந்து இரண்டு விரலால் நீவி மடித்துவிடுவான், "மூணு, ரெண்டு, ஒண்ணு... இப்ப தனியா இருங்க மாமா" என்பான். போன மாதம் ஒரு மலை உச்சியில், "இங்கே நானும் மௌனமும் மட்டும்தான்" என்று அவர் கண்கலங்கியபோது, மைத்துனன் ஒரு கையால் வாழைப்பழம் தின்பது அவருடைய கறுப்புக் கண்ணாடியில் தெளிவாக விழுந்துவிட்டது. உலகம் இரண்டு நாள் விடாமல் சிரித்தது. அடுத்த பயணத்தில் இன்னொரு ஆள் இருந்தால் சேனலையே இழுத்து மூடுவதாகச் சத்தியம் செய்துவிட்டு, பறவையும் ஆமையும் நண்டும் மட்டுமே குடியிருக்கும் இந்தக் கடற்கரை முனைக்கு, வாழ்க்கையில் முதன்முதலாக நிஜமாகவே தனியாக வந்திருந்தார்.

போனில் ஒரு கோடு சிக்னல் இருந்தது. வீட்டுக்கு அடித்தார்.

"உன் தம்பி எங்க?"

"இங்கதான், சோபால மல்லாந்து கெடக்கான்," என்றாள் மனைவி. "ஏன், அதுக்குள்ள பயம் வந்துடுச்சா?"

"அவன்கிட்ட குடு."

"சொல்லுங்க மாமா. தனிமை எப்படி இருக்கு?"

"டேய், ஸ்டாண்டுல வச்ச கேமரா தானா திரும்புமா?"

"திருகு லூசா இருந்தா காத்துக்குத் திரும்பும். நல்லா இறுக்கி வைங்க. அப்புறம் காலரப் பாத்துக்கோங்க. நான் ரிட்டயர்டு ஆயிட்டேன்."

பின்னால் மனைவி சிரிப்பது கேட்டது. சிக்னல் போய்விட்டது.

காற்று. அவ்வளவுதானே! மனசு லேசாகிவிட்டது. காலையிலிருந்து இங்கே ஒரு புல்கூட அசையவில்லை என்பதைத் தனிவழியார் கவனிக்க மறுத்தார்.

கடல் உள்வாங்கியிருந்தது. உப்பும் அழுகிய பாசியும் பறவை எச்சமும் கலந்த வாடை வெயிலில் வெந்துகொண்டிருக்க, ஈர மணல் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சிவப்பாக இருந்தது. அத்தனையும் நண்டுகள், கட்டைவிரல் அளவு, லட்சக்கணக்கில், யாரோ பக்கத்து அறையில் காகிதங்களைப் புரட்டுவதுபோல் ஓயாத சரசரப்போடு. அவர் கால் வைத்த இடத்தில் சட்டென்று வளைக்குள் மறைந்தன. அவரைச் சுற்றி வெறும் மணலாக ஒரு வட்டம் விழுந்தது. அவர் நடக்க, வட்டமும் கூடவே நடந்தது. அவர் கடந்ததும் நண்டுகள் வெளியே வந்து வட்டத்தை மூடின. ஜீவராசிகள்கூட வழிவிடுகின்றன என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

மணல்மேட்டுக்குக் கீழே ஸ்டாண்டை ஊன்றி, விரல் சிவக்கும்வரை திருகை இறுக்கினார். தண்ணீரை நோக்கி நூறடி நடந்து திரும்பி நின்றார்.

"இங்கே என்னைத் தவிர ஒரு மனித உயிரும் இல்லை!"

நடந்து வந்த பாதை முழுக்க நண்டுகள் திரும்பி வந்திருந்தன. ஸ்டாண்டுக்குப் பின்னால் மட்டும் வரவில்லை. அங்கே வெறும் மணல். வட்டமாக. ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு.

அவர் இடப்பக்கம் நாலடி வைத்தார். லென்ஸ் இடப்பக்கம் திரும்பியது. நின்றார். நின்றது. வலப்பக்கம் ஒரே ஓர் அடி. லென்ஸும் அந்த ஓர் அடிக்குத் திரும்பியது.

கடற்பறவைகளின் இரைச்சல் எப்போது அடங்கியது என்று தெரியவில்லை. கரையோரம் ஆயிரம் பறவைகள் ஒரே திசையைப் பார்த்து நின்றன. அவரை அல்ல.

"யாருப்பா அது?"

கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"ரசிகரா? போட்டோ வேணும்னா எடுத்துக்கலாம், வாங்க..."

வட்டம் நகர்ந்தது.

அவசரமேயில்லை அதற்கு. முன்னால் நண்டுகள் மறைய, பின்னால் நண்டுகள் முளைக்க, அவரை நோக்கி வந்தது. மணலில் ஒரு காலடித் தடமும் விழவில்லை. அவர் ஸ்டாண்டைப் பார்த்தார். அதன் தலை மொட்டையாக இருந்தது, கேமராவைக் காணோம்.

ஓடினார். சுற்றி வளைத்து ஓடினார். அவருடைய வட்டமும் ஓடியது. ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இரண்டு வட்டங்களுக்கும் நடுவே சிவப்பு மணல் பத்தடி. மறுமுறை பார்த்தபோது நடுவே சிவப்பே இல்லை.

வண்டி. கதவு. பூட்டு. சாவி இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை வண்டி உறுமியது. போகட்டும். கேமரா போகட்டும், சேனல் போகட்டும், ஊர் வயிறு வலிக்கச் சிரிக்கட்டும். மைத்துனன் காலில் விழுந்தாவது கூட்டிக்கொள்ளலாம். வீடு போய்ச் சேர்ந்தால் போதும். ஒரு கிலோமீட்டர். இரண்டு. மூன்று. கண்ணாடியில் வெறும் சாலை. மூச்சு வந்தது.

டிங்.

எதிரே மாட்டியிருந்த போன் விழித்துக்கொண்டது. *கேமரா இணைக்கப்பட்டது.*

இருபதடிக்குமேல் போனால் அறுந்துவிடும் இணைப்பு அது.

திரையில் ஒரு பிடரி. வியர்வை. எழும்பி நிற்கும் சட்டைக் காலர்.

பின்சீட்டிலிருந்து.

அவர் திரும்பவில்லை. கால் பிரேக்கையும் தேடவில்லை. திரையையே பார்த்தார். திரையில் கை எதுவும் இல்லை. காலர் மட்டும், இடமிருந்து வலமாக, இரண்டு விரல் நீவியதுபோல் மெல்ல மடிந்தது. பிடரியில் ஈரமாக, சில்லென்று பட்டது.

படம் நகர்ந்தது. காது. கன்னம். முகம்.

பழக்கதோஷம். லென்ஸ் தன்னைப் பார்த்ததும் தனிவழியாரின் முகம் லேசாக இடப்பக்கம் சாய்ந்து, சிரித்தது.

படம் நடுங்கவே இல்லை.