மதலேனம்மாளின் இமைகள்

மதலேனம்மாளின் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது.

அவள் இறந்துவிட்டாள் என்று காலை எட்டு மணிக்குச் சொன்னவர் டாக்டர் ஆரோக்கியசெல்வம்தான். 1948ஆம் வருஷத்துச் சித்திரை வெயிலில் வரதராஜன்பேட்டையின் அந்த ஓட்டு வீடு கொதித்துக்கொண்டிருந்தது. வாடிய சம்பங்கியும் சாம்பிராணியும் மெழுகுவர்த்திப் புகையும் கலந்த நெடி தொண்டையை அடைத்தது. வெளியே பந்தலில் பெண்களின் அழுகை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. இந்தப் புழுக்கத்தில் யாருக்கும் வியர்க்கும். இறந்தவர்களுக்கு வியர்க்காது.

ஆறு மாதத்துக்கு முன்பு அவள் அவரிடம் வந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர். சாயங்காலமானால் இமைகள் தாமாக விழுகின்றன, சோற்றை மெல்ல முடியவில்லை, குரல் மூக்குக்குள் போய்விடுகிறது என்றாள். காலையில் வந்து பார்த்தபோதெல்லாம் நன்றாகத்தான் இருந்தாள். அவர் சிரித்துவிட்டு அவள் புருஷன் சவரிமுத்துவைக் கூப்பிட்டார்.

"நோயெல்லாம் ஒண்ணுமில்ல. நடிப்பு. ரெண்டு அதட்டுப் போடுங்க, சரியாயிடும்."

சவரிமுத்து அதட்டலோடு நிறுத்தவில்லை. அடுத்த முறை வந்தபோது, விழுந்த இமைக்குக் கீழே கன்னம் கன்றியிருந்தது.

ஒரு மாதத்துக்கு முன்புதான் ஒரு மருத்துவப் பத்திரிகையில் அதைப் படித்தார். நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோக ஒரு ரசம் உண்டு. வேலை முடிந்ததும் அதைக் கரைத்துவிட ஒரு நொதி உண்டு. இந்த நோயில் கட்டளை தசையில் ஏறுவதற்குள் ரசம் கரைந்துபோகும். நொதியை அடக்கும் ஊசியைப் போட்டால் பத்து நிமிஷத்தில் இமை எழும். எழுந்தால் அதே நோய்தான், சந்தேகமில்லை. திருச்சியிலிருந்து மருந்தை வரவழைத்தார். போடவில்லை. போட்டால் சவரிமுத்துவின் முகத்தைப் பார்த்து, தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று மருந்து மேஜைக்குள்ளேயே கிடந்தது. இன்று காலை ஆள் வந்து கூப்பிட்டபோதுதான் அதைப் பைக்குள் போட்டார்.

ஆனால் நாடி கிடைக்காததும், மூச்சைக்கூடச் சரியாகப் பாராமல் இறந்துவிட்டாள் என்று அவசரமாகச் சொல்லிவிட்டார்.

"கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்று சவப்பெட்டியைச் சுற்றி இருந்த பெண்களை அனுப்பினார். கதவைச் சாத்தினார். பைக்குள்ளிருந்து மருந்தை எடுத்து, திருடனைப் போலத் திரும்பிப் பார்த்து, பெட்டிக்குள் கிடந்த அவள் கையில் ஊசியை ஏற்றினார்.

கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிஷம். ஒன்றுமில்லை. வெட்கமாகக்கூட இருந்தது. ஐந்து. மெழுகுவர்த்தி சடசடத்தது. ஆறு.

இடது இமை துடித்தது.

பிறகு வலது இமை. இரண்டும் மெல்ல ஏறின. கண்கள் அவரைத் தேடின. கண்டன.

"கேட்டுச்சு" என்றாள். மூச்சை விடவும் மெல்லிய குரல். "காலைலேருந்து… எல்லாம் கேட்டுச்சு, டாக்டரய்யா."

கதவு தட்டப்பட்டது. சவரிமுத்து.

"பங்குச் சாமியார் வந்துட்டாருங்க. பெட்டிய மூடலாங்களா?"

உயிரோடு இருக்கிறாள். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஊரே உள்ளே வரும். நடிப்பு என்றவர், செத்தாள் என்றவர், மருந்தை வைத்துக்கொண்டே மூன்று வாரம் சும்மா இருந்தவர். எல்லாரும் பார்ப்பார்கள்.

அவர் கை வெள்ளைத் துணியை அவள் முகத்தின் மேல் இழுத்துவிட்டது.

"மூடிடுங்க."

துக்க மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் பெட்டியின் பக்கத்திலேயே நடந்தார். ஊசி போட்டுப் பதினைந்து நிமிஷம். இருபது. பலகைக்கு அந்தப் பக்கம் நகம் பிறாண்டியது. மணிச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. இருபத்தைந்து. மருந்து நன்றாக ஏறியிருந்தது.

கல்லறைத் தோட்டம். பெட்டி குழிக்குள் இறங்கியது. மணி நின்றது. சாமியார் மூச்சு வாங்க ஒரு நொடி ஜெபத்தை நிறுத்தினார்.

டொக்.

குழியின் விளிம்பில் குனிந்திருந்த சவரிமுத்து மட்டும் நிமிர்ந்தான். டாக்டரைப் பார்த்தான். டாக்டர் அவனைப் பார்த்தார்.

டொக். டொக்.

சவரிமுத்து குழிவெட்டியின் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கி மண்ணைக் குழிக்குள் தள்ளத் தொடங்கினான். வேகமாக. இன்னும் வேகமாக. அவனுக்கு எதிரே, சட்டை நனைய மண்டியிட்டு, டாக்டரும் இரண்டு கைகளாலும் தள்ளிக்கொண்டிருந்தார்.